ஒரு தலைமுடி, இரண்டு வேண்டுதல்

என் தலைக்குள் கட்டி வளர்ந்ததற்கு என் முடி காரணம் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவில் பாதிப்பேர் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் பால் வாங்கப் போன இடத்தில் ஒருத்தி என் பின்னலைப் பார்த்துவிட்டு, "இன்னும் வெட்டலியாக்கா? இவ்ளோ பட்டும் புத்தி வரலியா?" என்றாள். புத்தி இருக்கிற இடத்தை டாக்டரே திறந்து பார்த்துவிட்டார், குறை எதுவும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. பெயர் மல்லிகா. அயனம்பாக்கத்தில் ஏரிக்குப் பின்னால் வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் டிரில்லிங் மிஷின் ஓட்டினவள். சுற்றுகிற மிஷினில் முடி மாட்டினால் தலைத்தோலையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு போகும். அதனால் வேலை பார்த்த காலம் முழுக்கக் கழுத்தளவுக்கு வெட்டி, தொப்பிக்குள் திணித்து வைத்திருந்தேன். கம்பெனியை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது ஐம்பதைத் தாண்டியிருந்தேன். அன்றைக்கு வளர்க்க ஆரம்பித்தேன். பேரன் எடுக்கிற வயதில் எதுக்குடி முடி என்று கேட்டார்கள். கேட்டவர்கள் யாரும் எனக்கு எண்ணெய் வாங்கித் தரவில்லை. 

இப்போது இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. பாதி நரை. சாயம் பூசுவதில்லை. எந்த எண்ணெய், எந்தப் பொடி என்று கேட்டு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வயதானால் முடி மெலியும், மெதுவாக வளரும், ஆனால் வளரும். அதைப் பிய்க்காமல் இருந்தால் போதும். ஈரத்தலையைத் துண்டால் பரபரவென்று தேய்க்காதீர்கள், பழைய வேட்டித் துணியைச் சுற்றி வையுங்கள். சீப்பை உச்சியிலிருந்து இழுக்காதீர்கள், நுனியில் ஆரம்பித்து மேலே போங்கள். படுக்கும்போது தளர்வாகப் பின்னிக்கொள்ளுங்கள். இவ்வளவுதான். விளம்பரத்தில் காட்டுகிற எந்தப் புட்டியும் இதற்கு மேல் ஒன்றும் செய்யாது.

தலைவலி வந்தது காலை நேரத்தில். எழுந்ததும் மண்டை கனக்கும், வெயில் ஏற ஏறக் குறையும். என் நாத்தனார் ராஜேஸ்வரி ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிறாள், அவள் வீட்டுக்காரர் அங்கே ஃபேக்டரியில் வேலை. அவளுக்கு போனிலேயே வைத்தியம் தெரியும். "அண்ணி, ஈரத்தோட கொண்ட போட்டா நீர் கோத்துக்காம இன்னா பண்ணும்? பாதியா வெட்டித் தள்ளு, வலி பறந்து பூடும்" என்றாள். பக்கத்துத் தெரு கிளினிக் டாக்டரும் கேள்வி கேட்பதற்கு முன்னால் என் கொண்டையைத்தான் பார்த்தார். "இவ்வளவு வெயிட்டைச் சுமந்தா கழுத்து வலிக்கத்தான் செய்யும்" என்று சிரித்துவிட்டு, சைனஸ் மாத்திரை எழுதினார். நானும் ஆவி பிடித்தேன். தலைக்குக் குளிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டேன். மாதக்கணக்கில் இப்படிப் போனது. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தலைவலி என்று வந்தவளின் தலைக்குள்ளே என்ன என்று யாரும் பார்க்கவில்லை, தலைக்கு மேலே இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஒரு காலையில் பின்னல் போட முடியவில்லை. மூன்று பிரியாக எடுத்துப் பின்னிக்கொண்டே வருவேன், பாதியில் ஒரு பிரி காணாமல் போய்விடும். இடது கை அதை விட்டிருக்கும். விட்டது எனக்குத் தெரிந்திருக்காது. திரும்ப எடுத்தால் திரும்ப நழுவும். கண்ணை மூடிக்கொண்டு பின்னுகிறவள் நான். அன்றைக்குக் கண்ணாடிக்கு முன்னால் நின்று என் கையையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் தனபால் அதே எஸ்டேட்டில் வேறு கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை நான் யோவ் என்றுதான் கூப்பிடுவேன், இத்தனை வருடத்தில் ஏங்க என்று கூப்பிட்டதில்லை. "யோவ், இந்தக் கை என் பேச்சக் கேக்கல" என்றேன். அவர் அன்றைக்கே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்தார்.

மூளை ஆபரேஷன் டாக்டர் ஒரு பெண். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். காத்திருக்கிற இடத்தில் ஏசிக் காற்று நேராகத் தலையில் அடித்தது. அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருடைய முகமும் ஒரே மாதிரி இருந்தது, தேர்வு முடிவுக்கு நிற்கிற பிள்ளைகள் மாதிரி. உள்ளே போனதும் டாக்டர் கேட்டார்: "கையில என்ன பண்ண முடியலை?"

"பின்னல் போட முடியல."

"அது வயசாச்சில்ல டாக்டர், அதான்..." என்று தனபால் ஆரம்பித்தார்.

"யோவ், கை என்னுது. நீ சும்மா கிட."

டாக்டர் சிரிக்கவில்லை. "இங்கேயே போட்டுக் காட்டுங்கம்மா" என்றார். அவிழ்த்துப் பின்னினேன். மூன்றாவது சுற்றிலேயே இடது கை பிரியை விட்டது. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்கும்படி வைக்கச் சொன்னார். வைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தால் வலது கை நின்ற இடத்தில் நிற்கிறது, இடது கை புரண்டு கீழே இறங்கியிருக்கிறது. நான் இறக்கவில்லை. வலது கையால் அதைப் பிடித்துத் தூக்கி, பழைய இடத்தில் வைத்தேன்.

"இடது கையை ஓட்டுறது மூளையோட வலது பக்கம். அங்கே எதோ அழுத்துது. படம் எடுத்துப் பாத்துடலாம்" என்றார்.

அந்தப் படம் எம்.ஆர்.ஐ. பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து எடுப்பார்கள். உடம்பில் இரும்பு இருக்கக் கூடாது. என் தலையிலிருந்து எடுத்த கொண்டை ஊசிகளைப் பார்த்து, படம் எடுக்கிற ஆள், "உள்ள இன்னும் ஊசி கீதாம்மா? நல்லா தடவிப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தலையை ஒரு கூண்டு மாதிரியான சாமானுக்குள் வைக்க வேண்டும். கொண்டையோடு தலை அதற்குள் உட்காரவில்லை. முழுக்க அவிழ்த்துப் பக்கவாட்டில் போட்டேன், கட்டிலுக்குக் கீழே தொங்கியது. உள்ளே பயங்கரச் சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்றார்கள். எனக்கு அது கம்பெனிச் சத்தம். அந்த ஆஸ்பத்திரியில் நான் பயப்படாமல் படுத்திருந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

கட்டியின் பெயர் மெனிஞ்சியோமா. வாயில் நுழையாவிட்டாலும் விஷயம் எளிது. மூளையைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. அந்த உறையில் வளர்கிற கட்டி. மூளைக்குள்ளே இல்லை, வெளியே இருந்துகொண்டு மூளையை அமுக்குகிறது. பெரும்பாலும் புற்றுநோய் இல்லை, மெதுவாக வளரும், எனக்கு வருடக்கணக்கில் இருந்திருக்கும் என்றார் டாக்டர். தனபால் கேட்ட முதல் கேள்வி: "முடி வெயிட்டால வந்துச்சா டாக்டர்?"

"இல்லைங்க. முடி மண்டைக்கு வெளியே. கட்டி உள்ளே. ரெண்டுக்கும் சம்பந்தமே கிடையாது."

"டாக்டர், இத இன்னொருவாட்டி சொல்லுங்க" என்றேன். "என் நாத்தனாருக்கு போன் போட்டுத் தரேன், அவகிட்டயும் சொல்லிடுங்க." டாக்டர் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆபரேஷனில் ரத்தக்கசிவு வரலாம், கை இன்னும் பலவீனமாகலாம், வலிப்பு வரலாம் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். சாவதைவிட எனக்கு அந்தக் கை பயம். பிறத்தியார் கையால் சாப்பிட்டுக்கொண்டு, பிறத்தியார் வசதிக்காகத் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு கட்டிலில் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். அதற்குச் செத்துப்போகலாம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை மறைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் சேர்த்துக்கொண்டார்கள். சாயங்காலம் நர்ஸ் வந்தார், பின்னாலேயே முடி எடுக்கிற மிஷினோடு ஒரு ஆள்.

"மொட்டை அடிக்கணும்மா. உக்காருங்க."

"டாக்டர் சொன்னாங்களா?"

"எல்லாருக்கும் அதான் வழக்கம்."

"நான் எல்லாரும் இல்ல. டாக்டரக் கேட்டுட்டு வா."

நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிர் முக்கியமா, முடி முக்கியமாம்மா?"

"ரெண்டும். ஒண்ண விடுன்னு சொல்ல நீ யாரு?"

ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள் என்று இதைப் படிக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். பல பேர் கேட்பதே இல்லை, தலையைக் கொடுத்துவிடுகிறார்கள். டாக்டர் வந்து சொன்னது இது: கீறுகிற கோட்டை ஒட்டி ஒரு பட்டை அளவுக்கு எடுத்தால் போதும். ஆனால் மீதி முடியை மருந்துத் தண்ணீரில் இரண்டு தடவை அலச வேண்டும், சின்னச் சின்னப் பின்னலாக இறுக்கிப் போட்டு ஒதுக்க வேண்டும். "உள்ளே எதாவது அவசரம்னா உங்களைக் கேக்காம மொத்தத்தையும் எடுத்துடுவேன். சம்மதமா?" சம்மதம் என்றேன். அது நியாயம். கேட்டுவிட்டுச் செய்கிறவரிடம் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அந்த நர்ஸே முணுமுணுத்துக்கொண்டே என் தலையில் பின்னல்களைப் போட்டார். நன்றாகவே போட்டார். "எங்கம்மாவும் உங்கள மாதிரிதான், ஒண்ணுத்துக்கும் அடங்காது" என்றார்.

ஆபரேஷன் எனக்குத் தெரியாது. மயக்க மருந்து ஏறும்போது எண்ணச் சொன்னார்கள், எண்ணினேனா என்றுகூட ஞாபகம் இல்லை. கண் விழித்தபோது வாயெல்லாம் வறண்டிருந்தது. முதலில் இடது கை விரல்களை மடக்கிப் பார்த்தேன். மடங்கின. ஐ.சி.யூவுக்குள் தனபாலை விட்டார்கள். முகக்கவசத்துக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது, இரண்டும் சிவந்திருந்தன.

"யோவ், முடி?"

"கீது, கீது. அழுவாத." அழுதது அவர்தான்.

முடி இருந்தது, ஆனால் முடியாக இல்லை. ரத்தம், மருந்து, பிளாஸ்திரிப் பசை எல்லாம் சேர்ந்து, மல்லாந்தே படுத்துக் கிடந்ததில் பின்னல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டி, தேங்காய் நார் உருண்டை மாதிரி ஆகிவிட்டது. தலையில் தையலுக்குப் பதில் ஸ்டேப்ளர் பின் வரிசையாக அடித்திருந்தார்கள். வார்டுக்கு மாற்றியபின் கட்டைப் பிரித்த நர்ஸ், "இதுல சீப்பே இறங்காதும்மா, கழுத்தோட வெட்டிடலாம்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. எனக்குமே நம்பிக்கை போய்விட்டது. பேசவும் தெம்பில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ரெண்டு நாள் டைம் குடு சிஸ்டர்" என்றார் தனபால்.

டாக்டரிடம் போய்க் கேட்டார். காயத்துக்குப் பக்கத்தில் எண்ணெய் போகக் கூடாது, தள்ளி இருக்கிற முடிக்குப் போடலாம் என்றார் டாக்டர். தனபால் கடைக்குப் போய்த் தேங்காயெண்ணெயும் வால் சீப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு, அந்த உருண்டையின் நுனியில் ஆரம்பித்தார். சீப்பின் வாலால் ஒரு இழையைக் கிளப்புவார், இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார், விரலால் உருட்டி உருட்டிப் பிரிப்பார். எனக்குத் தலைத்தோல் ஒரு தடவைகூட இழுபடவில்லை. காலையில் உட்கார்ந்தால் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எழுந்திருப்பார், பிறகு மறுபடி உட்காருவார். மதியச் சாப்பாடு ஆறிப்போகும்.

பக்கத்துக் கட்டிலில் நசரத்பேட்டைக்காரம்மா, பெயர் பாத்திமா, முதுகு ஆபரேஷனுக்கு வந்தவர். படுத்தபடியே வேடிக்கை பார்த்தார்.

"எங்க ஊட்டுக்காரரு ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடுத்ததில்ல. உனுக்குக் குடுத்து வெச்சிக்கிது."

"கம்பெனில கிரேன் ரோப்பு சிக்கு எடுத்தவன்ம்மா நானு. இது இன்னா?" என்றார் தனபால், காது சிவக்க.

"அப்ப என்னுதுக்கும் வாயேன் அண்ணாத்தே, முடிச்சதும்."

"ஆவட்டும். டோக்கன் போட்டு வெய்யி."

வார்டே சிரித்தது. எனக்குச் சிரித்தால் பின் அடித்த இடம் இழுத்தது. அவர் கேட்ட டைம் போதவில்லை, அதற்கு மேலும் ஆனது. நர்ஸ் அதற்கப்புறம் கத்தரிக்கோல் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் அவிழ்த்து விரித்தபோது பாதிக்கு மேல் பிழைத்திருந்தது. வெட்டியெடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள், அந்த முடிவும் அப்போதுதான் வந்தது. முதல் தரம், அதாவது சாதுவான வகை. மறுபடி வருகிற வாய்ப்பு குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது, அதனால் ஆறு மாதத்தில் ஒரு ஸ்கேன்.

பில்லைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஓசூரிலிருந்து வந்த என் மகன் கவுன்டரில் நின்று வாங்கிவந்தான். இன்சூரன்ஸ் போக மீதி எங்கள் தலையில். பஞ்சுக்கும் கையுறைக்கும் போட்டிருந்ததை விட்டுவிடுங்கள். 'முழுத்தலை முடி நீக்கம்' என்று ஒரு வரி. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னைக் கவுன்டருக்குத் தள்ளச் சொன்னேன். தலைத்துணியை எடுத்துக் காட்டி, "எங்கப்பா நீக்கினீங்க? காட்டு" என்றேன். அந்த வரியை அடித்தார்கள். சின்னத் தொகைதான். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு தேறுகிறது என்று என் மகன் நம்பினான்.

வீட்டுக்கு வந்த மறுநாள் ராஜேஸ்வரி ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிஜமான அழுகைதான், அவளுக்கு வாய்தான் மோசம். பிறகு பையிலிருந்து மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். வேண்டிக்கொள்ளும்போது காசை வைத்து முடிந்து போடுவோமே, அது.

"ஆபரேஷன் அன்னிக்கி திருப்பதி பெருமாளுக்கு முடிஞ்சேன் அண்ணி. நீ பொழச்சி வந்தா உன் முடிய மொத்தமாக் குடுக்கறதா. எப்பப் போலாம் சொல்லு, நானும் வரேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் தனபாலின் முகம் மாறியது. சாமி அலமாரிக்குப் போய், படத்துக்குப் பின்னாலிருந்து இன்னொரு மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா ராஜி இப்டிப் பண்ணிட்ட? நான் திருத்தணிக்கு முடிஞ்சி வெச்சிட்டேனே!"

"இன்னாத்த?"

"அதான்... முடிய."

"ஐயோ ஒரே முடிய ரெண்டு சாமிக்கா? நீ எப்ப முடிஞ்ச?"

"முந்தின நாளே."

"நான் உள்ள கூட்டிகினு போவும்போது முடிஞ்சேன். அப்பதானே ஆபத்து? அதான் பெருசு."

"முதல்ல சொன்னவங்களுக்குத்தானே குடுக்கணும்?"

"பெருமாள்கிட்ட அப்டிச் சொல்ல முடியுமாண்ணே?"

அண்ணனும் தங்கையும் என் தலைக்கு மேலே நின்றுகொண்டு ரேஷன் கடை வரிசை மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"முன்பக்கம் முருகனுக்கு, பின்பக்கம் பெருமாளுக்கு. பிரிச்சிக்கிறீங்களா?" என்றேன். இரண்டு பேரும் அதை ஒரு நிமிஷம் யோசித்தார்கள். சத்தியமாக யோசித்தார்கள். அப்போதுதான் எனக்கு வெடித்தது. "என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீ மயக்கத்துல இருந்தியே அண்ணி."

"மயக்கத்துல இருந்தா தலைய ஏலம் போடுவீங்களா?" அவள் அண்ணன் பக்கம் திரும்பினேன். "யோவ், குடுக்கறதா முடிஞ்சி வெச்சிட்டு, எதுக்குய்யா அத்தன நாள் உக்காந்து சிக்கெடுத்த?"

தலையைச் சொறிந்தார். "சாமிக்குக் குடுக்கறத சிக்கோடயா குடுப்பாங்க?"

அன்றைக்கு முழுக்க அவரிடம் பேசவில்லை. அடுத்த நாளும். ராஜேஸ்வரி ஆப்பிளை வைத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டு மஞ்சள் முடிச்சும் சாமி அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன.

தலையில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்களை எடுத்தார்கள். எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், பயப்பட வேண்டாம். மழித்த பட்டையில் முள்முள்ளாக முடி கிளம்பியது. கை நன்றாகப் பிடித்தது. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, மூன்றாவது மாதத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. சாதாரணக் கொட்டல் இல்லை. சீப்பை வைத்தால் கொத்தாக வரும். தலையணை, குளியலறை, சாப்பாட்டுத் தட்டு, எங்கே பார்த்தாலும் என் முடி. ராஜேஸ்வரி வந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "பாத்தியா அண்ணி. நீ குடுக்கல. சாமி தானா எடுத்துக்குது" என்றாள்.

 தனபால் செய்தது இன்னும் மோசம். கொட்டின முடியைக் குனிந்து குனிந்து பொறுக்கி ஒரு கவரில் போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேனுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. "குடுத்துடலாம் மல்லிகா" என்றார் ஒரு நாள். "நான் உன்னக் கேக்காம முடிஞ்சது தப்புதான். ஆனா என்கிட்ட குடுக்கறதுக்கு இன்னா கீது? இந்த ஊட்லயே ஒசந்தது உன் முடிதான். அதான் வாயில வந்துச்சி. மறுபடியும் கட்டி வந்தா நான் இன்னா பண்ணுவேன்?"

என்னால் கத்த முடியவில்லை. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் பயம் வந்துவிட்டது. ஸ்கேனில் ஏதாவது தெரிந்தால் ஊரே என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். பொம்பளை முடிக்கு ஆசைப்பட்டு உயிரைக் கொடுத்தாள் என்பார்கள். கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்று நானே நினைத்தேன்.

டாக்டரிடம் போனேன். அந்தக் கவரையே கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். அவர் விளக்கினார்: முடிக்கு வளர்கிற காலம், ஓய்வெடுக்கிற காலம் என்று இரண்டு உண்டு. பெரிய ஆபரேஷன், பெரிய காய்ச்சல், பிரசவம் மாதிரி உடம்புக்கு அதிர்ச்சி வந்தால் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். இரண்டு மூன்று மாதம் கழித்து அவ்வளவும் சேர்ந்தாற்போல் விழும். வேர் சாகவில்லை, அடியில் புதுசு வந்துகொண்டிருக்கும். "நல்லா சாப்பிடுங்க, பொறுமையா இருங்க. ஆபரேஷன் பண்ணின முக்கால்வாசிப் பேர் இதைப் பாத்துத்தான் பயந்துகிட்டு வருவாங்க."

முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். சொல்லியிருக்கணும்மா என்று ஒப்புக்கொண்டார். அதனால்தான் நான் இங்கே எழுதுகிறேன். உங்களுக்குக் கொட்டினால் சாமி எடுக்கவில்லை, உடம்பு ஓய்வெடுக்கிறது.

வீட்டுக்கு வந்து இரண்டு பேரையும் உட்காரவைத்தேன். "எனக்குச் சாமி மேல கோவம் இல்ல. நான் வேண்டிகினு இருந்தா இந்நேரம் மொட்டையடிச்சிகினு வந்திருப்பேன். நான் வேண்டல. எந்த வாய் சொல்லிச்சோ அந்தத் தல போய் உக்காரட்டும்."

"நானா?" ராஜேஸ்வரி தன் தலையைத் தொட்டுக்கொண்டாள். "மருமவளுக்கு வளகாப்பு வெச்சிகினு, மொட்டத் தலையோட நிப்பனா? எல்லாரும் இன்னா நெனப்பாங்க?"

"உன் தலன்னா வலிக்குது இல்ல?"

கோபித்துக்கொண்டு போனாள். ஆனால் சும்மா இருக்கவில்லை. அடுத்த மாதம் திருப்பதியிலிருந்து போன் செய்தாள். பூமுடி கொடுத்தாளாம், நுனியிலிருந்து ஒரு கொத்தை மட்டும் கத்தரித்துக் கொடுப்பது. "என்னுதத்தான் குடுத்தேன் அண்ணி. பெருமாள் ஒண்ணும் சொல்லல" என்றாள். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தனபாலுக்குத்தான் சங்கடம். அவர் தலை வழுக்கை, இரண்டு காதுக்கு மேலே மட்டும் ஒரு கோடு நரை. ஸ்கேனுக்கு முந்தின வாரம் திருத்தணிக்குப் போனோம். முடி எடுக்கிற இடத்தில் இருந்த ஆள் என் பின்னலைப் பார்த்ததும் பலகையைத் தட்டிப் போட்டார். "உக்காரும்மா."

"நான் இல்ல. இவரு."

அவர் தனபாலின் தலையைச் சுற்றிப் பார்த்தார். "இவருகிட்ட இன்னாம்மா கீது எடுக்க?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தனபால் பலகையில் உட்கார்ந்தார். "மீசையையும் எடு" என்றார். எனக்கே அவர் சொல்லியிருக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து இருக்கிற மீசை. கம்பெனியில் அதை வைத்துத்தான் அவரை அடையாளம் சொல்வார்கள். கத்தி ஓடியது. நிமிர்ந்தபோது யாரோ முன்பின் தெரியாத ஆள் மாதிரி இருந்தார், மேலுதடு மட்டும் வெளுப்பாக.

"அசிங்கமா கீதா?"

"கீது" என்றேன். அவர் தலையில் சந்தனத்தை நான்தான் பூசினேன். அப்புறம் அந்த உதட்டுக்கு மேலேயும் கொஞ்சம்.

ஸ்கேன் எடுத்தார்கள்.  டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். கட்டி இருந்த இடம் வெறும் இடமாக இருந்தது. "சுத்தமா இருக்கு. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்." தனபால் மீசை இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். மோர் குடிக்கலாமா என்று கேட்டார். குடித்தோம்.

இப்போது கொட்டுவது நின்றுவிட்டது. வகிடுக்குப் பக்கத்தில் புது முடி விரல் நீளத்துக்கு வளர்ந்து, எண்ணெய் வைத்தாலும் படியாமல் நட்டுக்கொண்டு நிற்கிறது. வலிப்பு மாத்திரை இன்னும் கொஞ்ச காலம். பின்னலை நானே போட்டுக்கொள்கிறேன், முன்னைவிட மெலிசுதான்.

நேற்று சாயங்காலம் அடுப்படியில் இருந்தேன். சாமி அலமாரிக்கு முன்னால் தனபால் விளக்கேற்றிவிட்டு முணுமுணுப்பது காதில் விழுந்தது: "அடுத்த ஸ்கேனும் இதே மாரி நல்லா வந்துச்சின்னா..."

"யோவ்!" கரண்டியோடு வெளியே வந்தேன். "யார் தலைய?"

"என் தலைம்மா, என் தல" என்றார் அவசரமாக.

"அதுல ஒண்ணும் இல்லியே."

"மீச வந்துடும்" என்றார். தடவிக் காட்டினார். இன்னும் முழுசாக வரவில்லை. வரட்டும், ஒரு வருடம் இருக்கிறது.